மாறியின் வரையெல்லை (ஜாவாஸ்கிரிப்ட்)

நிரலாக்கத்தில் மாறியின் வரையெல்லை என்பது, ஒரு மாறியின் பெயர் நிரலின் எப்பகுதியில் செல்லுபடியாகும் என்பதைக் குறிக்கும். நிரலர்கள் இதனை ஸ்கோப் என வழங்குவர். ஒரு பெரிய நிரலின் இரு பகுதிகளில் "தொகை" என்னும் ஒரே பெயரை இருவர் இடையூறின்றிப் பயன்படுத்த வரையெல்லையே வழிசெய்கிறது. 1995 இல் பிரெண்டன் ஐக் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியில், வரையெல்லை விதிகள் 2015 இல் பெரிதும் விரிவாக்கப்பட்டன. பழைய விதிகளும் இன்றுவரை செல்லுபடியாவதால் இரண்டையும் அறிதல் தேவையாகிறது.

வகைகள்

* முழுதளாவிய வரையெல்லை: எச்செயற்கூற்றிற்கும் தொகுதிக்கும் வெளியே அறிவிக்கப்படும் மாறி, நிரல் முழுவதும் கிடைக்கும்.
* செயற்கூற்று வரையெல்லை: ஒரு செயற்கூற்றினுள் அறிவிக்கப்படும் மாறி, அச்செயற்கூற்றினுள் மட்டும் கிடைக்கும்.
* தொகுதி வரையெல்லை: நெளிவு அடைப்புக்குறிகளுக்குள் அமைந்த தொகுதியில் மட்டும் கிடைக்கும்.
* மாட்யூல் வரையெல்லை: மாட்யூலாக எழுதப்பட்ட கோப்பின் மாறிகள், ஏற்றுமதி செய்யப்பட்டாலன்றிப் பிற கோப்புகளுக்குத் தெரியா.

பெயர் தேடப்படும் முறை

ஒரு பெயர் பயன்படுத்தப்படும்போது அது முதலில் அவ்விடத்தின் வரையெல்லையில் தேடப்படும். அங்கு இல்லையெனில், அதனைச் சூழ்ந்துள்ள வரையெல்லையிலும், இறுதியில் முழுதளாவிய வரையெல்லையிலும் தேடப்படும். உள்ளிருந்து வெளியே பார்க்கலாம். வெளியிலிருந்து உள்ளே பார்க்க இயலாது. உள்ளேயும் வெளியேயும் ஒரே பெயரில் மாறிகள் இருப்பின், உள்ளிருப்பது வெளியிருப்பதை மறைக்கும்.

சூழ்ந்துள்ள வரையெல்லை எது என்பதை, செயற்கூறு எழுதப்பட்ட இடமே தீர்மானிக்கிறது; அது அழைக்கப்படும் இடமன்று.

வார், லெட், கான்ஸ்ட்

2015 க்கு முந்தைய மொழித் தரநிலையில் மாறிகளை அறிவிக்க வார் என்னும் சிறப்புச்சொல் மட்டுமே இருந்தது. வார் தொகுதியை மதிப்பதில்லை. நிபந்தனைக் கூற்றின் அடைப்புக்குறிகளுக்குள் அறிவித்த மாறியும் செயற்கூறு முழுவதற்கும் உரியதாகிவிடும். அறிவிக்கப்படும் வரிக்கு முன்னரே அதனைப் படித்தாலும் பிழை எழாது. "வரையறுக்கப்படாதது" என்னும் மதிப்பே கிடைக்கும்.

2015 இல் வெளியான தரநிலை லெட், கான்ஸ்ட் ஆகிய இரண்டையும் சேர்த்தது. இவை தொகுதி வரையெல்லை உடையவை. அறிவிக்கும் வரிக்கு முன் இவற்றைப் பயன்படுத்தினால் பிழை எழும். கான்ஸ்ட் மூலம் அறிவித்த பெயருக்கு மீண்டும் மதிப்பு இட இயலாது.

வளையத்தில் உள்ள வேறுபாடு

எண்ணி 0, 1, 2 எனச் செல்லும் ஒரு வளையத்தில், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நொடி கழித்து எண்ணியின் மதிப்பை அச்சிடும் செயற்கூறு ஒன்று அமைக்கப்படுவதாகக் கொள்க. எண்ணி வார் மூலம் அறிவிக்கப்பட்டிருப்பின் 3, 3, 3 என அச்சாகும். மூன்று செயற்கூறுகளும் ஒரே மாறியைப் பார்க்கின்றன. அவை இயங்கும்போது வளையம் முடிந்து அம்மாறி 3 ஆகியிருக்கும். லெட் பயன்படுத்தினால் ஒவ்வொரு சுற்றுக்கும் தனி மாறி உருவாவதால் 0, 1, 2 என அச்சாகும்.

அறிவிக்கப்படாத மாறிகள்

அறிவிக்காமலே ஒரு பெயருக்கு மதிப்பு இட்டால், அது செயற்கூற்றினுள் இருந்தாலும் முழுதளாவிய மாறியாகிவிடும். எடுத்துக்காட்டாக, எண்ணி 10 ஐ விடக் குறைவாக உள்ளவரை சுழலும் வளையம் ஒன்று, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு செயற்கூற்றை அழைக்கிறது. அச்செயற்கூற்றினுள் 3 வரை எண்ணும் மற்றொரு வளையம் உள்ளது. இரண்டும் "எண்ணி" என்னும் பெயரை அறிவிக்காமல் பயன்படுத்தினால், உள்வளையம் ஒவ்வொரு முறையும் எண்ணியை 3 இல் விட்டுச்செல்லும். வெளிவளையம் அதனை 4 ஆக்கும்; மீண்டும் அழைக்கும். எண்ணி 10 ஐ எட்டாததால் நிரல் முடிவின்றி ஓடும். இரு வளையங்களும் தனித்தனியே பிழையற்றவை என்பதால் இத்தகைய பிழையைக் கண்டறிவது கடினம்.

2009 இல் அறிமுகமான கண்டிப்பு முறையில், அறிவிக்கப்படாத பெயருக்கு மதிப்பு இடுவது பிழையாகக் கொள்ளப்படும். மாட்யூல்கள் எப்போதும் இம்முறையிலேயே இயங்குகின்றன.

பிற மொழிகளில்

தொகுதி வரையெல்லை அல்கால் 60 மொழியிலேயே இருந்தது. சி, ஜாவா ஆகியவற்றிலும் உண்டு. பைத்தானில் நிபந்தனைக் கூற்றும் வளையமும் தனி வரையெல்லையை உருவாக்குவதில்லை. வளையம் முடிந்த பின்னரும் அதன் மாறி கடைசி மதிப்புடன் நிலைத்திருக்கும்.