தெருவில் எடுக்கும் ஒளிப்படம்: உரிமை யாருக்கு?

மலக்குழிக்குள் இறக்கப்பட்ட தொழிலாளியின் ஒளிப்படத்தை நாம் பலமுறை பகிர்ந்திருக்கிறோம். 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பின்னரும் இக்கொடுமை தொடர்கிறது என்பதற்கு அப்படங்களே சாட்சி. ஆயினும் படத்தில் இருப்பவருக்கு அதன்மீது என்ன உரிமை உண்டு என்று நாம் கேட்பது அரிது.

பதிப்புரிமை

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒளிப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவரே. பொதுவாக முதல் உரிமையாளரும் அவரே. பணம் கொடுத்து எடுக்கச் செய்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை பணம் கொடுத்தவரைச் சேரும். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் இவ்வுரிமை நீடிக்கிறது. படத்தில் இருப்பவர் என்பதற்காக ஒருவருக்கு இச்சட்டம் எவ்வுரிமையும் தருவதில்லை.

தனியுரிமை

பொது இடத்தில் ஒருவரைப் படம் எடுப்பதற்குப் பொதுவான தடை ஏதும் இல்லை. எனினும் 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமை என அறிவித்தது. பொது இடத்தில் இருப்பதாலேயே ஒருவர் அதை இழந்துவிடுவதில்லை என்று அதன் முதன்மைத் தீர்ப்புரை கூறுகிறது. மனித மாண்போடு அதைப் பிணைக்கிறது. தெருவிலேயே உழைத்து, தெருவோரத்திலேயே உறங்குவோருக்கு இது மிக முக்கியமானது.

வெளிப்படையான தடைகளும் உண்டு. பாலியல் வன்புணர்வுக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். பாதிக்கப்பட்ட குழந்தையின் ஒளிப்படத்தை ஊடகங்கள் வெளியிடுவதை போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுக்கிறது. சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் நீதிமன்றம் மறைத்து வைக்க வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு வழிசெய்கிறது. நீதிமன்றம் மறைக்கும் சாட்சியை நம் படம் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது.

நாம் செய்யவேண்டியவை

வன்கொடுமை நடக்கவே இல்லை என்று சாதிப்போர் முன் படம் வலுவான சான்று. ஆகவே எடுப்பதை நாம் கைவிட முடியாது. ஆனால் எடுப்பது வேறு, வெளியிடுவது வேறு. மூலப் படத்தை மாற்றாமல் வழக்கிற்காகக் காப்போம். வெளியிடும் படியில் முகத்தையும், வீட்டையும் தெருவையும் அடையாளம் காட்டுபவற்றையும் மறைப்போம். படம் எங்கெல்லாம் செல்லும் என்பதை விளக்கி இசைவு கேட்போம். பின்னர் மறுத்தால் நீக்குவோம். படம் எடுத்த நாம் ஊர் திரும்பிவிடுவோம். அதில் இருப்பவரோ மறுநாளும் அதே ஆதிக்கச் சாதித் தெருவைக் கடந்துதான் வேலைக்குச் செல்ல வேண்டும்.