முத்துக் குளித்தோர் வரலாறு

கொற்கை முத்தின் பெருமையை நாம் இலக்கிய வகுப்புகளிலே விரித்துரைக்கின்றோம். மதுரைக்காஞ்சியும் அகநானூறும் அதற்குச் சான்றாகின்றன. ஆயின், அம்முத்தை ஆழத்திலிருந்து எடுத்துவந்தவர் யாவர் என்ற வினாவை நாம் எழுப்புவது அரிது. கி. பி. முதலாம் நூற்றாண்டளவில் கிரேக்க மொழியில் எழுந்த 'எரித்திரியக் கடற் பெரிப்புளூஸ்' இதற்கு விடை கூறுகின்றது: கொற்கையில் முத்துக் குளித்தோர் தண்டனை பெற்ற குற்றவாளிகள். அரசர் மார்பில் ஒளிர்ந்த ஆரத்தின் பின்னே கட்டாய உழைப்பு இருந்தது.

கொற்கைக்கு எதிர்க்கரையான மன்னாரின் கதையும் இதனோடு ஒட்டியதே. அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு எதிரே கடலடியில் முத்துப் பார்கள் கிடக்கின்றன. அவற்றின் ஆழம் பெரும்பாலும் ஐந்து முதல் பத்துப் பாகம் வரையே. வாடைக் காற்று ஓய்ந்து தென்மேற்குக் காற்று எழுவதற்கு முன், மாசி தொடங்கிச் சித்திரை வரை கடல் அமைதியுறும். அதுவே சலாபக் காலம். வெறும் மணற்கரையிலே சில நாள்களுள் ஓலைக் கொட்டில்களாலான நகரொன்று தோன்றும். பரதவரும் கீழைக்கரை முஸ்லிம்களும் அரபியரும் அங்கே குளிகாரராய்த் திரள்வர்.

குளிகாரன் காலிற் கல்லைக் கோத்து இறங்குவான். ஒரு நிமிடம் அளவே மூச்சடக்கி, கைக்கெட்டிய சிப்பிகளைக் கூடையிலே நிரப்புவான். தோழன் கயிற்றை இழுத்து அவனை மேலேற்றுவான். ஒரு நாளில் எத்தனையோ முறை இது நிகழும். சுறாவை மந்திரத்தாற் கட்டும் 'கடல்கட்டி' கரையில் இருந்தாலன்றிக் குளிகாரர் நீரில் இறங்கார். இதனை மூடநம்பிக்கை என்று இகழ்தல் எளிது. உயிருக்கு வேறு காப்பு எதனையும் எவரும் அவர்களுக்கு அளிக்கவில்லை என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும்.

போர்த்துக்கேயர், அவர்க்குப்பின் 1658இல் ஒல்லாந்தர், 1796இல் ஆங்கிலேயர் என ஆள்வோர் மாறினர். கடலின் உரிமை மட்டும் ஆட்சியிடமே நின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. எஞ்சிய ஒன்றே படகினர்க்கும் குளிகாரருக்கும். தன் பங்கை அரசு திறவாத சிப்பியாகவே ஆயிரக் கணக்கில் ஏலமிட்டுப் பணமாக்கியது. குளிகாரனுக்கோ கூலி இல்லை, சிப்பியே கூலி. அதனுள்ளே முத்து இருக்கலாம், இல்லாதும் போகலாம்.

1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசின் வருவாய் இருபத்தைந்து இலட்சம் ரூபாவை எட்டியது. மறு ஆண்டே, ஆண்டுக்கு 3,10,000 ரூபா குத்தகைக்குப் பார்கள் யாவும் இருபது ஆண்டுக்கு ஆங்கிலேயக் கம்பெனியொன்றிடம் ஒப்படைக்கப்பட்டன. 1907க்குப் பின் பார்கள் வறண்டன. 1912இல் கம்பெனியும் கலைந்தது. 1925இல் மீண்டுமொருமுறை சலாபம் நடந்தது. பழைய செழிப்புத் திரும்பவில்லை. ஜப்பானிய வளர்ப்பு முத்து உலகச் சந்தையை நிரப்பத் தொடங்கிய காலம் அது.

ஆங்கிலத் தேசாதிபதி நோர்த், முத்துக்குளிப்பைக் காணவென அரிப்பிலே கட்டிய மாளிகையின் இடிபாடுகள் கடலரிப்புக்கிடையிலும் எஞ்சி நிற்கின்றன. குளிகாரரின் ஓலைக் கொட்டில்களுக்கு அடையாளமில்லை. அவர்தம் பெயர்களைக் கணக்கேடுகளும் பேணவில்லை. முத்தின் வரலாற்றை எழுதுவோர், சிப்பிக் கணக்கோடு மூச்சின் கணக்கையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும். கொற்கையின் பெருமையை மாணவர்க்குக் கூறும் நாம், கூறவேண்டிய மறுபாதி இதுவே.