எப்போதாவது தோற்கும் சோதனை: பல்லிழை நிரல்களில் பிழை தேடிய வரலாறு

ஒரே நிரலுக்குள் ஒருசேர ஓடும் வேலைகள் ஒவ்வொன்றும் த்ரெட், அதாவது இழை எனப்படும். இரண்டு இழைகள் ஒரே தரவைத் தொட, எது முந்தியது என்பதைப் பொறுத்து விடை மாறினால் அது பந்தயப் பிழை. இதன் குணம் விசித்திரமானது. 999 முறை ஒழுங்காக ஓடிய நிரல் ஆயிரமாவது முறை கவிழும். காரணம் அறிய நடுவில் ஓர் அச்சிடும் வரியைச் சேர்த்தால் வேகம் மாறி, பிழை ஒளிந்துகொள்ளும். பார்க்கப் போனால் மாறிவிடும் இவ்வகைப் பிழைக்கு இயற்பியலாளர் ஹைசன்பர்க்கை நினைவூட்டும் 'ஹைசன்பக்' என்ற பெயர் உண்டு. ஜிம் கிரே 1985-இல் எழுதிய அறிக்கை அப்பெயரைப் பரவலாக்கியது.

சிக்கல் கணினிக்கு முந்தியது. திருநெல்வேலியிலிருந்து தாமிரபரணியை ஒட்டி மேற்கே போகும் ரயில் பாதை 1903-இல் செங்கோட்டையை எட்டியது. அது ஒற்றைப் பாதை. கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம்; எதிர்வண்டி நிலையத்தில் காத்திருக்க வேண்டும். இத்தகைய பாதைகளில் இந்திய ரயில்வே நெடுங்காலம் டோக்கன் முறையைக் கையாண்டது. இரு நிலையங்களிலும் உள்ள கருவிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு பந்து வெளியே வந்துவிட்டால், அது திரும்பக் கருவிக்குள் போகும்வரை அடுத்த பந்து வராது. பிரம்பு வளையத்தில் கோத்த அந்தப் பந்து கையில் இல்லாமல் ஓட்டுநர் வண்டியை எடுக்கக் கூடாது.

நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1960-களில் இழைகளுக்கு வகுத்த விதியும் இதுவே. அதற்கு அவர் வைத்த பெயரும் ரயில்வேயிலிருந்து வந்ததுதான்: கைகாட்டி மரத்தைக் குறிக்கும் 'செமாஃபோர்'.

கருவி சரியாக இருந்தாலும் கைகள் பிழைக்கலாம். 1921 ஜனவரி 26 அன்று வேல்ஸ் நாட்டின் ஏபர்மியூல் நிலையத்தில், ஒரு வண்டி கொண்டுவந்த டோக்கனையே அடுத்த பகுதிக்கான டோக்கன் என்று எண்ணி அதே ஓட்டுநரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எதிர்வண்டிக்கு அனுமதி தந்தவர் வேறொருவர். மோதலில் 17 பேர் இறந்தனர். அதே ஆட்கள் அதே வேலைகளை நாள்தோறும் விபத்தின்றிச் செய்துவந்தவர்கள்தான். அன்று நிகழ்ச்சிகளின் வரிசை மட்டும் வழக்கத்துக்கு மாறாக அமைந்தது.

மென்பொருள் உலகம் இதைக் கற்க அதிக விலை கொடுத்தது. கனடாவில் தயாரான தெராக்-25 என்னும் கதிர்வீச்சு சிகிச்சைக் கருவி 1985-க்கும் 1987-க்கும் இடையில் ஆறு பேருக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. 1986 மார்ச்சில் டெக்சாஸின் டைலர் நகரில் ஒருவர் பாதிக்கப்பட்டதும் தயாரிப்பாளரின் பொறியாளர்கள் வந்து சோதித்தார்கள். பிழை தோன்றவில்லை. கருவி மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. ஏப்ரலில் இரண்டாவது நோயாளி பாதிக்கப்பட்டார். இருவருமே பின்னர் இறந்தனர். மருத்துவமனையின் இயற்பியலாளரும் கருவியை இயக்கிய பெண்ணும் உட்கார்ந்து அதே தட்டச்சைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தபோதுதான் மர்மம் விலகியது. காந்தங்களை நிலைநிறுத்தக் கருவிக்குச் சுமார் 8 வினாடி பிடிக்கும். பழகிய கை அதற்குள் பதிவைத் திருத்தி முடித்துவிட்டால், அந்தத் திருத்தம் நிரலின் இன்னொரு பகுதிக்குத் தெரியாமல் போனது. மெதுவாகத் தட்டச்சு செய்தவர்களுக்குப் பிழை எப்படி அகப்படும்? இந்த வரலாற்றில் மிக முக்கியமான சோதனை இதுவே எனலாம். அவர்கள் எண்ணிக்கையை மட்டும் கூட்டவில்லை, வேகத்தையும் மாற்றினார்கள்.

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 5 கோடிப் பேர் இருளில் மூழ்கியதில், ஒஹையோவின் மின்கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி ஓய்ந்துபோனதற்கும் பங்குண்டு. காரணம் ஒரு பந்தயப் பிழை. அந்த மென்பொருள் அதற்குமுன் பல இடங்களிலுமாக 30 லட்சம் மணி நேரத்துக்கும் மேல் பழுதின்றி ஓடியிருந்தது! நிரலுக்குள் வேண்டுமென்றே தாமதங்களைப் புகுத்தி ஓட்டிய பிறகே, பல வாரங்கள் கழித்துப் பிழை பிடிபட்டது.

அழுத்தச் சோதனையின் குறை இங்கே வெளிப்படுகிறது. இரவு முழுக்க நிரலை ஓட்டினாலும், இயங்குதளம் இழைகளைப் பெரும்பாலும் ஒரே பாங்கில்தான் மாற்றிவிடுகிறது. லட்சம் ஓட்டங்களில் புதிய வரிசைகள் சிலவே. எல்லா வரிசைகளையும் பார்ப்பதும் நடவாத காரியம்: பத்துப் படிகள் கொண்ட இரண்டு இழைகளை 1,84,756 வகையாகப் பின்னலாம்.

பெல் ஆய்வகத்தின் பத்ரீஸ் கோட்ஃப்ராய்ட் 1997-இல் வெளியிட்ட வெரிசாஃப்ட், எந்தப் படி அடுத்து நடக்கும் என்ற முடிவைச் சோதனைக் கருவியின் கையிலேயே கொடுத்தது. அடுத்த பெரிய பாய்ச்சல் மைக்ரோசாஃப்டின் 'செஸ்'. மதன் முசுவதி, ஷாஸ் கதீர் முதலியோர் 2008-இல் வெளியிட்ட அதன் கட்டுரையில் பிரமநாயகம் ஆறுமுக நயினாரும் ஓர் ஆசிரியர். இழைகளை இடையில் குறுக்கிட்டு நிறுத்தும் தடவைகளுக்கு வரம்பு வைப்பதே அதன் மைய எண்ணம். ஏனெனில் பல பிழைகள் வெளிப்பட இரண்டு குறுக்கீடுகளே போதும் என்று அவர்கள் கண்டிருந்தார்கள். மேலே சொன்ன கணக்கில் இரண்டு குறுக்கீடுகள் வரை மட்டும் அனுமதித்தால் 182 வரிசைகளே மிஞ்சும். எண்ணிப் பார்க்கும் மாணவர்களுக்கு நல்ல பயிற்சி. பிழை அகப்பட்டதும் அந்த வரிசையைப் பதிந்து வைத்து, வேண்டும்போதெல்லாம் மீண்டும் ஓட்டலாம். எப்போதாவது வந்த பிழை, அழைத்தால் வரும் பிழையாகிவிடுகிறது.

வரிசைகளைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு. திருச்செந்தூர்ப் பாதையில் ஆழ்வார்திருநகரியை விட்டு ஒரு வண்டி புறப்படுவதும், கல்லிடைக்குறிச்சியை விட்டு இன்னொன்று புறப்படுவதும் எந்த வரிசையில் நடந்தால் என்ன? ஒன்றையொன்று தொடாத நிகழ்வுகளின் முன்பின்னைப் பொருட்படுத்தாமல், பல பின்னல்களை ஒன்றாகவே கொள்ளலாம். போலந்தின் மசூர்கியேவிச் 1977-இல் இதற்குக் கணித வடிவம் தந்தார். அந்தக் கோட்பாடு வளர்ந்த இடங்களில் சென்னையும் ஒன்று. பி. எஸ். தியாகராஜன் வாலுகியேவிச்சுடன் 1997-இலும், சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் பால் காஸ்தானுடன் 2002-இலும் இத்தகைய வரிசைகளைப் பற்றிப் பேசுவதற்கான தர்க்கமொழிகளை வெளியிட்டார்கள்.

2010-இல் முசுவதியும் கூட்டாளிகளும் குருட்டு அதிர்ஷ்டத்துக்குக்கூட ஓர் உத்தரவாதம் தேடித் தந்தனர். இழைகளுக்குத் தற்செயலாக முன்னுரிமை கொடுத்து, ஓட்டத்தின் நடுவே சில இடங்களில் அதை மாற்றினால், ஒவ்வொரு ஓட்டத்திலும் பிழை அகப்படும் வாய்ப்புக்குக் கீழ்வரம்பு சொல்ல முடியும். இரண்டு இழைகள், மொத்தம் 20 படிகள், வெளிப்பட இரண்டு வரிசை நிபந்தனைகள் தேவைப்படும் பிழை என்றால், அந்த வரம்பு 40-இல் 1.