தேனி வட்டாரப் புனைவுகளில் இழப்பும் வாழ்வும்

போடிநாயக்கனூர், தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள நகரம். கேரள எல்லைக்குள் இருக்கும் ஏலத்தோட்டங்களுக்கு இவ்வட்டாரத்திலிருந்து கூலியாட்கள் சென்று வருகின்றனர். அங்கு விளையும் ஏலக்காய்க்குப் போடி முக்கியச் சந்தை. தேனி வட்டாரத்தைக் களமாகக் கொண்ட இரு படைப்புகள், மண்ணை இழந்தவர்களின் துக்கத்தைப் பேசுகின்றன.

கள்ளிக்காட்டு இதிகாசம்

வைகை அணை 1959-இல் திறக்கப்பட்டது. நீர்த்தேக்கப் பரப்பில் இருந்த கிராமங்கள் மூழ்கின. அவ்வாறு ஊரை இழந்த குடும்பங்களுள் ஒன்றில் பிறந்தவர் வைரமுத்து. அவரது ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ ஆனந்த விகடனில் தொடராக வந்து 2001-இல் நூலானது; 2003-க்கான சாகித்திய அகாதமி விருதைப் பெற்றது. இதன் நாயகர் பேயத்தேவர் என்னும் முதிய விவசாயி. வறட்சியையும் குடும்பத் துயரங்களையும் உழைப்பால் தாங்கியவர், ஊர் மூழ்குவதை மட்டும் தாங்க இயலாதவராகிறார். வெள்ளம் அவரையும் கொண்டுபோகிறது. எஞ்சி வாழும் பொறுப்பு பேரன் மொக்கராசுவின் தலைமுறைக்கு வந்து சேர்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலை

லெனின் பாரதி இயக்கிய ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ திரைப்படம் 2018 ஆகஸ்டு 24 அன்று வெளியானது. ஏலத்தோட்டத்திலிருந்து மலைப்பாதை வழியே மூட்டை சுமந்து இறங்கும் ரங்கசாமிக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்க ஆசை. அதற்காக நம்பியிருந்த ஏலக்காய் மூட்டை சரிவில் உருண்டு போகிறது. அவன் மீண்டும் சுமை தூக்கவே போகிறான். பின்னர் நிலம் கிடைத்தாலும், சிறைவாசமும் விவசாயக் கடனும் சேர்ந்து அதைப் பறித்துவிடுகின்றன. முடிவில் காற்றாலை நிற்கும் அதே நிலத்தில், சீருடை அணிந்த காவலாளியாக அமர்ந்திருக்கிறான்.

ஒப்பீடு

மனிதர் இறந்தால் ஒப்பாரி, கருமாதி எனத் துக்கத்தை ஆற்றிக்கொள்ள முறைகள் உண்டு. ஊரோ நிலமோ போனால் அழுவதற்கு அத்தகைய சடங்கு இல்லை. இழப்பீடு, பத்திரம், கடன் ஆகிய கணக்குகளே அங்கு மிஞ்சுகின்றன. அக்கணக்குகளில் சேராத துக்கத்தை இவ்விரு படைப்புகளும் பதிவு செய்கின்றன.

இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பேயத்தேவர் மண்ணோடு மடிகிறார், ரங்கசாமி பிழைத்துக்கொள்கிறான். ஆனால் தனக்குச் சொந்தமாயிருந்த மண்ணை இன்னொருவருக்காகக் காக்கும் கூலியே அவனது பிழைப்பு. ஆதலால், உயிர் தப்பியது ஆறுதலாக முடியவில்லை. துக்கம் அன்றாட வேலையாகத் தொடர்கிறது.