கண்டித் தபால் வண்டியும் கனடாவுக்குப் போகாத மின்னஞ்சலும்

1832 பெப்ரவரியில் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கியது. ஆசியாவின் முதலாவது தபால் வண்டிச் சேவை அதுவென்பர். தூரம் 72 மைல். அந்தப் பாதையை அமைப்பதில் முன்னின்ற கப்டன் டோசன், வண்டி ஓடுவதைக் காணாமலே 1829 இல் மறைந்தார். அவர் நினைவாக எழுந்த கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கிறது. 1867 இல் புகையிரதம் கண்டியை எட்டியது. அக்காலத்தில் கடிதம் தாமதித்தால் உறையிலுள்ள முத்திரைகளைப் பார்த்து, எந்த ஊரில் தூங்கிக் கிடந்ததென்று ஓரளவு கணிக்கலாம்.

இவையெல்லாம் என் நினைவுக்கு வந்த இடம், கண்டி நகருக்கு வெளியே உள்ள சிறிய தொண்டு அலுவலகமொன்று. தோட்டமொன்றில் மூதாட்டியொருவர் காலமானார். கனடாவிலுள்ள மகனின் தொலைபேசி எண் மாறியிருந்தமையால் அலுவலகப் பெண் மின்னஞ்சல் அனுப்பினார். ஐந்தாம் நாள் அது திரும்பி வந்தது. அதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது. முகவரியைத் தவறாக அடித்துவிட்டேனோ என்று அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தார். நான் கணினி நிபுணன் அல்லன். ஆனால் தாமதித்த செய்தி எங்கே கிடந்ததென்று தேடுவதே வாழ்நாள் தொழிலாக இருந்தவனுக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

அலுவலகத்துக்குச் சொந்தமாகவே ஓர் அஞ்சல் வழங்கி இருந்தது. அதன் பதிவேட்டை ஓர் இளைஞர் திறந்து காட்டினார். முகவரி சரியாகவே இருந்தது. ஐந்து நாட்களும் வழங்கி மீண்டும் மீண்டும் கதவைத் தட்டியிருக்கிறது. மறுமுனை ஒவ்வொரு தடவையும் "இப்போது முடியாது, பின்னர் வா" என்றிருக்கிறது. போஸ்ட்பிக்ஸ் என்ற அந்த மென்பொருள், நாம் மாற்றாதவரை ஐந்து நாட்கள் முயலும். அதுவரை அனுப்பியவருக்கு ஒரு வார்த்தையும் சொல்லாது. கொழும்புக்குச் சென்ற அஞ்சல்கள் ஒழுங்காகச் சேர்ந்தமையால் எவருக்கும் ஐயம் எழவில்லை.

இந்தச் சந்தேகப் புத்தி மின்னஞ்சலுக்குப் பிறவியிலேயே இருந்ததன்று. 1982 இல் ஜொன் பொஸ்டல் எழுதிய விதிமுறை, அனுப்புநர் தன்னை யாரென்று சொன்னாலும் நம்பியது. இலங்கையில் 1990 இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் அபய இந்துருவ முயற்சியால் மின்னஞ்சல் தொடங்கியபோது, தொலைபேசி வழியே அஞ்சல்களைச் சேர்த்து அனுப்பினார்கள். எழுதுபவர்களும் வாசிப்பவர்களும் ஒருசிலரே. அங்கே ஆள்மாறாட்டம் செய்ய யார் இருந்தார்கள்? குப்பை அஞ்சல் பெருகிய பின்னரே, ஒரு பெயரில் அஞ்சல் அனுப்ப எந்த இணைய முகவரிக்கு உரிமையுண்டு என்பதை அறிவிக்கும் எஸ்பிஎஃப் பதிவு வந்தது. 2024 பெப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் இத்தகைய சான்றுகளைக் கண்டிப்பாகவே கேட்கின்றன.

நமது அலுவலகம் முந்திய மாதம் இணைய இணைப்பை மாற்றியிருந்தது. அதனால் வழங்கியின் முகவரி மாறியது. பதிவிலோ பழைய முகவரியே கிடந்தது. புதிய முகவரியை எதிர்த்திசையில் தேடினால் அலுவலகத்தின் பெயரும் வரவில்லை. வெளிநாட்டு வாசலில் நின்ற காவலாளிக்கு நமது தபால்காரன் அந்நியன்!

பதிவைத் திருத்த ஒரு வரி போதும். எதிர்த்திசைப் பெயரை மட்டும் இணைப்பு வழங்குநரே எழுத வேண்டும். அதற்கு இரண்டு நாட்கள் சென்றன. அஞ்சல் தேங்கினால் நான்கு மணி நேரத்தில் எச்சரிக்கை வரும்படி இளைஞர் இன்னொரு வரியையும் சேர்த்தார். பிறகு என் முகவரிக்கு ஒரு சோதனை மடல் அனுப்பினார்கள். அதன் தலைப்பகுதியில் ஒவ்வொரு வழங்கியும் தான் பெற்ற நேரத்தைப் பொறித்திருந்தது, பழைய தபால் முத்திரைகளைப் போலவே. சில விநாடிகளில் வந்து சேர்ந்திருந்தது.

பதிவேட்டின் அந்தப் பக்கத்தை அச்சிட்டுத் தரும்படி அந்தப் பெண் கேட்டார். மகனுக்கு எழுதும் கடிதத்துடன் வைத்து அனுப்பவாம்.