நான்காம் எண்ணுக்கு இரண்டு வீடு
களம் கண்ட கதைகள் – 17

2009 நவம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே நகரத்து லாம்போ ஃபீல்டு மைதானம். எதிரணியின் சீருடையில் நான்காம் எண் ஆட்டக்காரர் களமிறங்குகிறார். கூடியிருந்த 70,000 பேருக்கு மேற்பட்ட கூட்டம் ‘ஊ’வென்று கூச்சலிட்டு அவரை வரவேற்கிறது. கத்துகிறவர்களில் பலருடைய வீட்டு அலமாரியில் அதே பெயரும் அதே எண்ணும் பொறித்த பச்சைச் சட்டை இருக்கிறது. தூக்கிப் போடவும் மனமில்லை, போட்டுக்கொள்ளவும் வழியில்லை. வந்திருப்பவர் பிரெட் ஃபார்வ். பதினாறு ஆண்டுகள் இந்த ஊர் தலையில் வைத்துக் கொண்டாடிய மனிதர்.

கையால் எறிந்து ஆடும் அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்பவர்தான் தாக்குதலின் மூளை. பந்து அவர் கைக்கு வந்த பிறகுதான் ஆட்டம் திசை பிடிக்கும். யாருக்கு எறிவது, எப்போது எறிவது என்பதை இரண்டு மூன்று வினாடிக்குள் முடிவு செய்தாக வேண்டும். வெற்றிக்கு மாலையும் தோல்விக்கு வசவும் அவருக்குத்தான்.

ஆனால் கிரீன் பேயில் நடந்தது இன்னொரு நட்சத்திரம் அணி மாறிய கதை மட்டுமல்ல. சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் சிற்றூர் அது. நியூயார்க், சிகாகோ போன்ற மாநகரங்கள் மோதும் லீக்கில் அதற்கு ஓர் அணி இருப்பதே அதிசயம். 1919இல் இறைச்சியை டின்னில் அடைக்கும் நிறுவனம் ஒன்று சீருடைக்குப் பணம் கொடுத்ததால் அணிக்குப் ‘பேக்கர்ஸ்’ என்று பெயர் வந்தது. 1923இல் பணமுடை வந்தபோது ஊர்க்காரர்களே பங்கு வாங்கிக் கைகொடுத்தார்கள். அன்று முதல் இந்த அணிக்குத் தனி முதலாளி கிடையாது, பங்குதாரர்கள்தான் சொந்தக்காரர்கள். டிவிடெண்ட் வராது, லாபத்துக்கு விற்கவும் முடியாது. ஆண்டுக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவுக்கு வாக்களிக்கலாம். எந்த ஆட்டக்காரரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்பதில் வாய் திறக்க முடியாது.

ஊருக்கும் அணிக்கும் உள்ள நெருக்கத்தைப் பயிற்சி முகாம் நாட்களில் பார்க்கலாம். மைதானத்திலிருந்து பயிற்சித் திடலுக்கு ஆட்டக்காரர்கள் ஊர்ச் சிறுவர்களின் சைக்கிளில்தான் போவார்கள். 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய வழக்கம் இது. நூறு கிலோவைத் தாண்டிய ஆள் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்க இடிக்க மிதிப்பார். சைக்கிளுக்குச் சொந்தக்காரப் பொடியன் அவருடைய ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே ஓடுவான்.

இப்படிப்பட்ட ஊருக்கு 1992இல் அட்லாண்டா அணியிடமிருந்து கைமாறி வந்தார் 22 வயது ஃபார்வ். செப்டம்பர் 20 அன்று, காயம்பட்டவருக்கு மாற்றாக இறங்கி, 13 வினாடி மிச்சமிருக்கையில் டச் டவுனுக்கு (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெறுவது) எறிந்து 24–23 என்று வென்றுகொடுத்தார். அடுத்த வாரம் முதல் ஆட்டம் தவறாமல் முதல் ஆளாக இறங்கினார். 2010 டிசம்பரில் அந்தத் தொடர் அறுந்தபோது கணக்கு 297. பயிற்சியாளர் லொம்பார்டியின் காலத்துக்குப் பிறகு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் காய்ந்து கிடந்த ஊருக்கு 1997 ஜனவரியில் சூப்பர் பௌல் என்னும் சாம்பியன் கோப்பையைக் கொண்டுவந்தார். அந்தச் சூட்டோடு அதே ஆண்டின் இறுதியில் ஒரு பங்கு 200 டாலர் என்று அணி புதிய பங்குகளை வெளியிட, ஒரு லட்சத்துக்கு மேல் விற்றன. 2003 டிசம்பரில் தந்தை இறந்த மறுநாள் இரவே ஓக்லண்டில் இறங்கி 399 கெஜம் எறிந்தபோது, அவர் வீட்டுத் துக்கம் ஊர்த் துக்கமாகிவிட்டது.

2008 ஜனவரி 20. மைனஸ் 18 டிகிரி குளிரில் நியூயார்க் ஜயன்ட்ஸுடன் அரையிறுதி. கூடுதல் நேரத்தில் ஃபார்வ் எறிந்த பந்தை எதிரணி பறித்தது. சூப்பர் பௌல் கனவும் அதோடு போயிற்று. மார்ச்சில் கண்ணீரோடு ஓய்வை அறிவித்தார். மூன்று ஆண்டுகளாகக் காத்திருந்த ஏரன் ராட்ஜர்ஸை முதல் குவார்ட்டர்பேக்காக வைத்து அணி புதுத் திட்டம் போட்டது. ஜூலையில் ஃபார்வ் மனம் மாறினார்: ‘ஆட விரும்புகிறேன்.’

ஊர் ரெண்டுபட்டது; தொலைக்காட்சிகளுக்குக் கொண்டாட்டம். ‘இவரில்லாமல் ஏது பேக்கர்ஸ்?’ என்று ஒரு கட்சி. ‘அணி யாருக்காகவும் காத்திருக்காது’ என்று இன்னொரு கட்சி. பல வீடுகளில் இரண்டு கட்சிகளும் ஒரே மேசையில் சாப்பிட்டன. பல நெஞ்சங்களில் இரண்டும் ஒன்றாகவே குடியிருந்தன. வேறு ஊராக இருந்தால் பணக்கார முதலாளியைத் திட்டித் தீர்த்திருக்கலாம். இங்கே அவரை அனுப்பும் அணியின் சொந்தக்காரனும் ரசிகன்தான், அனுப்பாதே என்று கெஞ்சுகிறவனும் அவன்தான். பொது மேலாளர் டெட் தாம்சன்மீது கோபம் பாய்ந்தது. ஒரு பாவமும் அறியாத ராட்ஜர்ஸும் சொந்த மைதானத்திலேயே கூச்சலைக் கேட்க நேர்ந்தது.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஃபார்வ் நியூயார்க் ஜெட்ஸுக்குக் கைமாறினார். ஒப்பந்தத்தில் ஒரு முள் இருந்தது. ஜெட்ஸ் அவரை மினசோட்டா வைகிங்ஸுக்கு மாற்றினால் புதிய ஆட்டக்காரர்களை முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுக்கும் மூன்று வாய்ப்புகளைப் பேக்கர்ஸுக்குத் தந்தாக வேண்டும். பக்கத்து மாநிலத்து வைகிங்ஸ் பேக்கர்ஸுக்குப் பங்காளி மாதிரி. ஒரே பிரிவில் ஆண்டுக்கு இரண்டு முறை மோதியே ஆக வேண்டும்.

ஜெட்ஸ் காலம் ரசிகருக்குச் சுலபமாகக் கழிந்தது. அந்த ஆண்டு இரு அணிகளும் மோதவில்லை. பகலில் பேக்கர்ஸுக்கும் இரவுச் செய்தியில் ஃபார்வுக்கும் கைதட்ட எந்தத் தடையும் இல்லை. ராட்ஜர்ஸ் 4,000 கெஜத்துக்கு மேல் எறிந்தும் பேக்கர்ஸ் ஆறு வெற்றி, பத்துத் தோல்வி என்று பருவத்தை முடித்ததில் பழைய ஏக்கம் கூடியது.

2009 தொடக்கத்தில் ஃபார்வ் மீண்டும் ஓய்வு பெற, ஜெட்ஸ் அவரை விடுவித்தது. முள் செயலிழந்தது. ஆகஸ்ட் 18 அன்று வைகிங்ஸில் கையெழுத்திட்டார். பழைய அன்புக்கும் புதிய ஆட்ட அட்டவணைக்கும் இனி ஒரே மைதானம். அக்டோபர் 5 அன்று மினசோட்டாவில் 30–23, நவம்பர் 1 அன்று லாம்போவில் 38–26. இரண்டிலும் வென்றது ஃபார்வ்தான். இரு ஆட்டங்களிலுமாக ஏழு டச் டவுன் எறிந்தார். நாற்பதை ஒட்டிய வயதில் பழைய வீட்டையே திணறடித்தார். இந்த வயதிலும் இப்படி ஆடுகிற ஆளையா அனுப்பினோம் என்ற உறுத்தல் கூச்சலுக்கு இன்னும் காரம் சேர்த்தது.

இந்த வழக்குக்குத் தீர்ப்பு வந்தது களத்தில். 2010 பருவத்தில் பேக்கர்ஸ் ஃபார்வை இரண்டு முறையும் வென்றது. 2011 பிப்ரவரி 6 அன்று ராட்ஜர்ஸ் சூப்பர் பௌலை வென்றார். ‘அனுப்பியது சரிதான்’ என்று நிம்மதியாகச் சொல்ல முடிந்த பிறகே ‘அவரும் நம்மவர்தான்’ என்று சொல்லும் தைரியம் ஊருக்கு வந்தது. ராட்ஜர்ஸ் தோற்றிருந்தால் ஃபார்வை வெகு சீக்கிரம் மன்னித்திருப்பார்கள், தாம்சனைக் கடைசிவரை மன்னித்திருக்க மாட்டார்கள். விசுவாசம், துரோகம் என்று ரசிகர்கள் ஆயிரம் வாதம் பேசலாம். கோபம் தணியும் நாளைக் குறிப்பது வெற்றிதான்.

2015 ஜூலை 18 அன்று ஃபார்வ் பேக்கர்ஸின் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டு, நான்காம் எண்ணும் ஓய்வு பெற்றது. அந்த மரியாதை பெற்ற ஆறாவது எண் அது. விழாவைத் திரையில் பார்க்க லாம்போவில் கூடியவர்கள் 67,000 பேர். ஆட்டமே இல்லாத நாள் அது.

ஊர் கற்றுக்கொண்ட பாடத்துக்கு 2023இல் மறுதேர்வு வந்தது. ராட்ஜர்ஸும் கிளம்பினார், அதே ஜெட்ஸுக்கு. மூன்று ஆண்டுகளாகக் காத்திருந்த ஜோர்டன் லவ் அவரிடத்துக்கு வந்தார். இந்த முறை பலரும் நகம் கடித்தபடி பொறுமை காத்தார்கள்.

ஆட்டக்காரர் போனாலும் கிரீன் பேக்கு அணி மிஞ்சியது. பங்குப் பத்திரம் அதற்குக் காவல். அந்தக் காவல் இல்லாத ஊரில் அணியே மூட்டை கட்டினால்? 1984 மார்ச் 29, விடியும் முன் பால்டிமோர் நகரிலிருந்து வரிசையாக லாரிகள் புறப்பட்டன. அவற்றில் என்ன இருந்தது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)