கச்சேரியைப் படம் பிடிக்கப் போன கேமரா... கொலை வழக்கில் சாட்சியானது எப்படி?

ராக் இசைக்குழுவின் சுற்றுப்பயணம் பற்றிய ஆவணப்படம்னா பாட்டு, கூட்டம், கைதட்டல்தான் இருக்கும். ஆனால் 1970-ல் வெளியான 'கிம்மி ஷெல்டர்' படத்தில் ஒரு இளைஞரின் மரணமும் பதிவாகியிருக்கிறது. என்ன நடந்தது?

யாரைப் பற்றிய படம்?

பிரிட்டனின் ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழு, 1969 இறுதியில் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தது. ஆல்பர்ட், டேவிட் மேசல்ஸ் சகோதரர்கள் கேமராவுடன் கூடவே போனார்கள். சார்லட் ஸ்வெரினையும் சேர்த்து, படத்துக்கு மூன்று இயக்குநர்கள்.

அல்டமாண்டில் என்ன ஆச்சு?

பயணத்தின் முடிவில், டிசம்பர் 6-ம் தேதி கலிஃபோர்னியாவில் ஒரு இலவசக் கச்சேரி. கடைசி நேரத்தில் இடம் மாறி, அல்டமாண்ட் கார் பந்தயத் திடலில் நடந்தது. திரண்டவர்கள் சுமார் 3 லட்சம் பேர். மேடையோ ரொம்பத் தாழ்வு. அதற்குக் காவல் நின்றது போலீஸ் இல்லை, 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' என்ற மோட்டார் பைக் கும்பல். அதற்குக் கூலி 500 டாலர் மதிப்புள்ள பீர் என்று சொல்லப்பட்டது.

காலையிலிருந்தே அடிதடி. ஜெஃபர்சன் ஏர்பிளேன் குழுவின் பாடகர் மார்ட்டி பேலினையே அடித்து மயக்கம் போட வைத்தார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் பாடிக்கொண்டிருந்தபோது, மெரிடித் ஹன்டர் என்ற 18 வயது கறுப்பின இளைஞர் மேடைக்கு அருகே குத்திக் கொல்லப்பட்டார். அன்று விபத்துகளில் இன்னும் 3 பேர் இறந்தார்கள்.

தீர்ப்பு என்ன?

ஹன்டரின் கையில் துப்பாக்கி இருந்ததும் கேமராவில் பதிவாகியிருந்தது. அந்தக் காட்சி நீதிமன்றத்தில் திரையிடப்பட்டது. கத்தியால் குத்திய ஆலன் பசாரோ, தற்காப்புக்காகச் செய்தார் என்று 1971-ல் விடுதலையானார்.

இன்னும் ஏன் பேசுகிறார்கள்?

படத்தில், எடிட்டிங் மேஜை முன்னால் உட்கார்ந்து பாடகர் மிக் ஜாகர் அந்தக் காட்சியைப் பார்க்கிறார். திருப்பிப் போடச் சொல்லி மறுபடியும் பார்க்கிறார். அதிகம் பேசவில்லை; எழுந்து போய்விடுகிறார். ஒரு மரணத்தைக் காட்டிக் காசு பார்க்கலாமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது.

ஆனால் கத்திக்குத்து மட்டும்தான் படம் என்று நினைத்தால் தப்பு. வக்கீல் மெல்வின் பெல்லியின் அலுவலகத்தில் இடத்துக்காக போனில் நடக்கும் பேரமும் அதில் இருக்கிறது. கோர்ட் விசாரித்தது, குத்திய ஒருவரை மட்டும்தான். அந்த அவசர ஏற்பாடுகளுக்கு யார் பொறுப்பு? படம் பார்ப்பவர்களுக்கு அந்தக் கேள்வி இன்னமும் மிச்சம் இருக்கிறது.